தையல் வகுப்புக்கு மேலே ஒரு வீடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அதை முதல்லயே சொல்லிடறேன், கீழே இருக்கறதைப் படிச்சு நீ பதறக் கூடாது பாரு. நீயும் மருமகளும் எப்படி இருக்கீங்க, அவளுக்கு அந்த முதுகு வலி தேவலையா. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வெளியே போ, சின்ன வயசுலயே உனக்குக் காத்து பட்டாக் காது வலிக்கும். ஆபீஸ்ல நின்னுக்கிட்டே சாப்பிடறதை விட்டியா இல்லையா. போன்ல சொல்ல முடியாதது நிறைய சேர்ந்து போச்சுடா. போன்ல ஆரம்பிச்சா நீ குறுக்க குறுக்கக் கேள்வி கேப்பே, நான் பாதியில வெச்சிடுவேன். எழுதினா யாரும் குறுக்க வர முடியாது. நிதானமா முழுசையும் படி.

உன் தங்கச்சி குட்டியைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும், அந்த ஆள் பின்னாலயே வந்து ஜன்னல் கண்ணாடியை உடைச்சதும் தெரியும். மாப்பிள்ளைன்னு எழுதக் கை வரல, பேரை எழுதவும் பிடிக்கல, அந்த ஆள்னே எழுதறேன். அதுக்கப்புறம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற இடத்துல அவளுக்கு வேலை கிடைச்சுது. நம்ம வீட்டைப் பூட்டிட்டு ஆளுக்கு ஒரு பெட்டியோட பஸ் ஏறிட்டோம், எதிர் வீட்டுக்குக் கூட சொல்லல. உன்கிட்டயும் ஊர் பேரைச் சொல்லல. பெத்த பிள்ளைகிட்டயே மறைக்கறியான்னு நீ கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசாம இருந்தே. அந்த ஆள் உனக்குப் போன் பண்ணி மச்சான் மச்சான்னு அழறான், பாவமா இருக்குன்னு நீதானே சொன்னே. நீ மனசு இளகினவன். தெரிஞ்ச விஷயம் என்னைக்காவது வாயில வந்துடும், தெரியாதது வராது. அதுக்குத்தான் சொல்லல, உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல.

சின்ன ஊர்ல ஒளிஞ்சுக்கலாம்னு நினைச்சுத்தான் வந்தோம். வந்து இறங்கின பிறகுதான் புத்தி வந்தது. பெரிய ஊர்ல பக்கத்து வீட்டுக்காரனுக்கே நம்மளைத் தெரியாது, சின்ன ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள நம்ம பெட்டியை எண்ணி முடிச்சிடறாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பேட்டரிக் கடைக்கு மேல இருந்த லாட்ஜுல ஒரு ரூம் எடுத்தோம். ராத்திரி பகல்னு இல்லாம ஆசிட் நாத்தம் மூக்கை அறுக்கும். அங்க மேனேஜர்னு ஒருத்தர், கல்லாவுல உட்கார்ந்து பேப்பரைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு அதுக்கு மேல கண்ணை ஓட்டிக்கிட்டே இருப்பார். எந்த ஊரு, வீட்டுக்காரர் வரலையா, எத்தனை நாள் தங்குவீங்க, தினமும் இதே கேள்விதான், நாங்களும் தினமும் ஒரே பதிலைச் சொல்லணுமேன்னு பயந்து பயந்து சொல்லுவோம். உன் தங்கச்சி மாஸ்க்கை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடுவா, ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவ மாஸ்க் போட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அது ஒரு நல்ல விஷயம். நானும் குட்டியும் வீடு தேடப் போவோம்.

வீடு காட்ட ஒரு புரோக்கர் கிடைச்சார். எப்பவும் ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டே இருப்பார், தலையில மாட்டி நான் பார்த்ததே இல்ல, அதனால குட்டி அவருக்கு ஹெல்மெட் மாமான்னு பேர் வெச்சிட்டா. நல்ல மனுஷன்தான், ஆனா வாய் ஓயாது. எந்த வீட்டைக் காட்டினாலும் காத்து சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்மான்னு சொல்லுவார், ஜன்னலே இல்லாத ரூமுக்குள்ள நின்னும் அதையேதான் சொன்னார். முதல் வீடு தரைத்தளம். ஞாயித்துக்கிழமைங்கறதால உன் தங்கச்சியும் வந்தா. நான் குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன், அவ அடுப்படிப் பக்கமே போகல. வாசக்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தா, பாத்ரூம் கதவை உள்ள இருந்து பூட்டி, வெளியே நின்னு இழுங்கம்மான்னு என்னை இழுக்கச் சொன்னா. நான் இழுத்தேன், கதவு கையோட வந்துடுச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துட்டா. முன்ன எல்லாம் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா செடி எங்க வைக்கலாம்னு பார்க்கற பொண்ணுடா அவ.

ரெண்டாவது வீடு நல்ல வீடு, வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். எல்லாம் பேசி முடிச்ச பிறகு, வீட்டு ஆம்பளைகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா நல்லதுன்னார். கப்பல்ல வேலை செய்யறார்னு ஒரு பொய்யை முன்னாலயே தயார் பண்ணி வெச்சிருந்தேன், அதை எடுத்து விட்டேன். அவர் மச்சினனும் கப்பல்லயாம், எந்தக் கப்பல், சரக்கா, எண்ணெயான்னு ஆசையா கேக்க ஆரம்பிச்சிட்டார். எனக்குத் தெரிஞ்ச கப்பல் மழைத் தண்ணியில விடற காகிதக் கப்பல்தான். நான் முழிக்கறதைப் பார்த்துட்டு குட்டி எனக்கு உதவி பண்றதா நினைச்சு, அப்பாகிட்ட கப்பல் இல்ல தாத்தா, பைக்தான் இருக்குன்னுச்சு. அவர் சிரிக்கல. என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார், உள்ள போய் சம்சாரத்துகிட்ட ஏதோ பேசினார், வந்து அவர் தங்கை குடும்பமே இந்த வீட்டுக்கு வரப் போறதா இப்பத்தான் ஞாபகம் வந்ததுன்னார். திரும்பி வர்ற வழியெல்லாம் குட்டி, நான் தப்பா சொல்லிட்டேனா பாட்டின்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. நாலு வயசுப் பிள்ளைகிட்ட என்ன சொல்றது சொல்லு, உண்மையைச் சொன்னது தப்புன்னா.

அப்புறம் ஒரு வீடு, பச்சைக் கலர் ஜன்னல், காலியா இருந்தது. வெளிச்சமா இருக்கவே குட்டி ஓடிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கூரையில ஈரம் இறங்கியிருக்கான்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஈரம் இருந்தது, வேண்டாம்னு வந்துட்டோம். மறுநாள் லாட்ஜ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்க பேத்தி போட்டோவுல சினிமாக்காரி மாதிரி விழுந்திருக்கான்னு செல்லை நீட்டினார். பச்சை ஜன்னல், குட்டி திரும்பிப் பார்த்து சிரிக்குது, முகம் அப்படியே தெரியுது. கீழே வீடு வாடகைக்குன்னு போட்டு ஊர் பேர், தெருப் பேர், ஹெல்மெட்காரர் போன் நம்பர், எல்லாம் இருக்கு, நான் கூரையைப் பார்த்த நேரத்துல அவர்தான் எடுத்திருக்கார். பதிலுக்குச் சிரிச்சேனா என்ன பண்ணினேன்னு கூட ஞாபகம் இல்ல, குட்டியை இடுப்புல தூக்கிக்கிட்டு ஹெல்மெட்காரர் உட்கார்ற ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

அந்தப் போட்டோவை அழிச்சிடுங்கன்னு சொன்னா, குழந்தை நின்னா வீடு சீக்கிரம் போகும்மா, அதுல என்ன இருக்குன்னு சிரிக்கறார். வேற வழி இல்லாம உண்மையைச் சொன்னேன். அந்த ஆள் அடிச்சு உன் தங்கச்சி புருவத்துல போட்ட தையலைச் சொன்னேன், அவளை மொட்டை மாடிக் கதவுக்கு வெளியே விட்டுப் பூட்டினதைச் சொன்னேன், ஜன்னல் கண்ணாடியைச் சொன்னேன். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கிட்டிருந்தது, அந்தச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, வெட்கத்தை எல்லாம் எப்பவோ விட்டாச்சு. அவர் முழங்கையில இருந்த ஹெல்மெட்டைக் கழட்டி மேஜை மேல வெச்சார். போட்டோவை அழிச்சார். அழிச்சிட்டு, என் செல்லுல அழிச்சாச்சும்மா, வேற யார் யார் எடுத்து எங்க அனுப்பினாங்கன்னு எனக்கே தெரியாதேன்னு சொல்லும்போது அவருக்கும் குரல் இறங்கிடுச்சு.

அவர் பயந்த மாதிரியே ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சு காலையில லாட்ஜுக்கு வந்தார், முகமே சரியில்ல. ஒருத்தன் போன் பண்ணி பச்சை ஜன்னல் வீடு காலியா இருக்கான்னு கேட்டானாம், இருக்குன்னாராம். ஜன்னல்ல நிக்கற பொண்ணு யாருன்னு கேட்டானாம். என் அண்ணன் பொண்ணுன்னு சொல்லிட்டேம்மான்னார். பேர் என்னன்னு கேட்டிருக்கான், நிஜமாவே அவர் அண்ணன் மக பேரைச் சொல்லியிருக்கார். அவன் சிரிச்சானாம். சிரிச்சிட்டு, கழுத்துல இடது பக்கம் மச்சம் இருக்குமே, நல்லாப் பாருங்கன்னானாம். சிக்னல் சரியில்லன்னு சொல்லிட்டு அவர் போனை வெச்சிட்டார். அன்னைக்குப் பூரா நாங்க ரூமை விட்டு வெளியே வரல. உன் தங்கச்சி லீவு போட்டுட்டா, கதவுக்குப் பின்னால கட்டிலை இழுத்துப் போட்டு அதுல உட்கார்ந்துக்கிட்டிருந்தா. படிக்கட்டுல யாராவது ஏறினா மூணு பேரும் பேச்சை நிறுத்திடுவோம். குட்டி கூட யாரும் சொல்லாமலேயே நிறுத்திடும்.

ஊரை விட்டே போயிடலாம்னு நான் சொன்னேன். ஆனா ஹெல்மெட்காரர் அதுக்குள்ள ஒரு இடம் பார்த்து வெச்சிருந்தார், ஒரே ஒரு தடவை வந்து பாருங்கம்மான்னு கெஞ்சினார். ஒரு மாடிக் கட்டடம். கீழே முழுக்கத் தையல் வகுப்பு, இருபது பொம்பளைங்களாவது எந்நேரமும் மெஷினை ஓட்டிக்கிட்டிருப்பாங்க. மாடிப்படி அந்த வகுப்பு நடுவுலதான் ஏறுது, வேற வழி கிடையாது. சொந்தக்காரங்க அந்தத் தையல் டீச்சர்தான். கழுத்துல அளவு டேப்பு, வாயில குண்டூசி, குண்டூசியை எடுக்காமலேயே பேசறாங்க. வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாங்க. நான் கப்பலை எடுக்க வாயைத் திறந்தேன், உன் தங்கச்சி என் கையைப் பிடிச்சா. மாஸ்க்கைக் கழட்டினா, புருவத் தழும்பைக் காட்டினா, அவர் கண்ணுல படக் கூடாதுன்னுதான் இந்த ஊருக்கு வந்திருக்கேன், இப்ப ஊர் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன், இதைக் கேட்டுட்டு வீடு இல்லன்னு சொன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்னு சொன்னா. டீச்சர் குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்து மணிக்கட்டுல கட்டியிருந்த பஞ்சுல குத்தினாங்க. "என்னைக் கேக்காம பால்காரரே இந்தப் படி ஏறினதில்லம்மா, சாமானைக் கொண்டு வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்கே வந்துட்டோம்.

வீடு ரெண்டே ரூம்தான், மொட்டை மாடிக்குக் கீழே, மத்தியானத்துல அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனா உள்ள இருந்தா கீழே மெஷின் ஓடற சத்தம் தரை வழியாக் கால்ல தெரியும். அது கேட்டுக்கிட்டிருந்தா எனக்கு ஒரு தைரியம். கொஞ்ச நாள் அப்படியே போச்சு. நான் கூட, வரமாட்டான் போலன்னு நினைக்க ஆரம்பிச்சேன்.

போன வாரம் வந்துட்டான்டா. குட்டிக்கு லேசா ஜுரம், இங்க புதுசா சேர்த்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு கீழே எல்லா மெஷினும் ஒரே நேரத்துல நின்னு போச்சு. கரண்ட் போச்சு போலன்னு அண்ணாந்து பார்த்தேன், தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டிருக்கு. அப்பத்தான் கீழே அவன் வந்திருக்கான்னு புரிஞ்சுது. கதவைத் தாழ் போட்டேன், குட்டியைப் பாத்ரூம்ல விட்டு வாளித் தண்ணியில விளையாடச் சொன்னேன், உன் தங்கச்சிக்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராதே, எது நடந்தாலும் வராதேன்னு சொல்லிட்டு வெச்சேன். கதவுல காதை வெச்சா அவன் குரல் கேக்குது. மெதுவா, மரியாதையா, டீச்சர் டீச்சர்னு பேசறான். லாட்ஜுக்குப் போய் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கான், மேனேஜர்தான் தையல் வகுப்பு மாடியில இருக்காங்கன்னு பெருமையாச் சொல்லியிருக்கார், அது பிற்பாடுதான் தெரிஞ்சுது.

கீழே நடந்ததை டீச்சர் பிற்பாடு சொன்னாங்க, நானும் பாதி காதால கேட்டேன். அவன் அழுதான்டா. உன்கிட்ட போன்ல அழுதானே, அதே அழுகைதான். நான் பாவி, எனக்குப் பொண்டாட்டி வேண்டாம், என் குழந்தையை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன்னு படியில உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கான். அங்க ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம், ஒரு அம்மா தண்ணி கூடக் கொடுத்தாங்களாம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எனக்கே ஒரு நிமிஷம், நிஜமாவே மாறிட்டானோன்னு வந்தது. டீச்சர் மட்டும், மேல போக முடியாது தம்பி, எதுவா இருந்தாலும் கோர்ட்டுல போய்க் கேளுன்னு சொன்னாங்க. சொன்ன அந்த நொடி அழுகை நின்னுதாம். குறையல, அடங்கல, குழாயை மூடின மாதிரி நின்னுது. அடுத்த நொடி பக்கத்துல இருந்த மெஷினை உதைச்சுத் தள்ளினான், அது ஒரு பொண்ணு கால் மேல விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு பாத்ரூம்ல இருந்து குட்டி, அப்பா வந்துட்டாரான்னு கேட்டுச்சு. அலறல, அழல, மணி எத்தனைன்னு கேக்கற மாதிரிக் கேட்டுச்சு.

அவன் படியில காலை வெச்சதுக்கு அப்புறம்தான் அந்தப் பொம்பளைங்க எல்லாம் எழுந்தாங்க. அவனை மறிச்சுக்கிட்டு படி நிறைய ஏறி நின்னுட்டாங்களாம். வெட்டிக்கிட்டிருந்த துணி கீழே கிடக்கு, கத்திரி கையிலயே இருக்கு. யாரும் ஓங்கலம்மா, கீழே வைக்க மறந்துட்டாங்க அவ்வளவுதான்னு டீச்சர் சொல்றாங்க. அவன் திட்டினான், கேக்கக் கூடாத வார்த்தை எல்லாம் சொன்னான், ஒருத்தர் கூட நகரல. அதுக்குள்ள யாரோ போன் பண்ணி போலீஸ் வந்துடுச்சு, கூடவே ஹெல்மெட்காரரும் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. போகும்போது அண்ணாந்து மாடியைப் பார்த்தான். நான் ஜன்னல் ஓரமா ஒதுங்கி நின்னேன், என்னைப் பார்த்தானா இல்லையான்னு தெரியல. இன்னைக்கு வரைக்கும் தெரியல.

உன் தங்கச்சியும் புகார் கொடுத்திருக்கா, டீச்சரும் கொடுத்திருக்காங்க, கால்ல அடிபட்ட பொண்ணு வீட்டுலயும் கொடுத்திருக்காங்க. பொம்பளை இன்ஸ்பெக்டர் ஒருத்தங்க, நல்ல மாதிரி, இந்தத் தெருப் பக்கம் வரக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அவனை ஜாமீன்ல விட்டுட்டாங்கடா. வெளியிலதான் இருக்கான். கேள்விப்பட்டதுமே நான் பெட்டியை எடுத்துக் கட்ட ஆரம்பிச்சிட்டேன், பாத்திரத்தை எல்லாம் பழைய சேலையில சுத்தி வெச்சிட்டேன். உன் தங்கச்சி வேலை முடிஞ்சு வந்து பார்த்தா. செருப்பைக் கூடக் கழட்டாம அந்த மூட்டை பக்கத்துல உட்கார்ந்தா. எங்கம்மா போறது, இன்னொரு ஊர், இன்னொரு லாட்ஜ், இன்னொரு புரோக்கர், குட்டிக்கு இன்னொரு பொய் சொல்லிக் கொடுக்கணும்னா. "இனிமே நான் வீடு தேட மாட்டேம்மா"ன்னு சொல்லிட்டு மூட்டையைப் பிரிச்சு, பாத்திரத்தை எல்லாம் எடுத்து அலமாரியில திரும்ப அடுக்கினா. ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டுது, எடுத்துத் துடைச்சு வெச்சா. நானும் கூட அடுக்கினேன், வேற என்ன செய்ய.

எனக்குப் பயம் போகலடா, உன்கிட்ட மறைக்கப் போறதில்ல. இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே கதவு தட்டற சத்தம் கேட்டு பேனாவைப் போட்டுட்டேன், பார்த்தா மாடியில தண்ணித் தொட்டி கழுவ வந்தவர். டீச்சர்தான் அனுப்பியிருக்காங்க. ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்தேன், பாவம், வாளியோட நின்னுக்கிட்டிருந்தார். குட்டி ஜுரம் விட்டுடுச்சு, சாயங்காலத்துல கீழே போய் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கி பொம்மைக்குச் சட்டை தைக்குது, எல்லாச் சட்டைக்கும் ஒரு கைதான் வருது. சிரிக்குது. அது சிரிச்சா உன் தங்கச்சியும் கொஞ்சம் சிரிக்கறா.

இனிமே உன்கிட்ட ஊர் பேரை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. அவனுக்கே தெரிஞ்ச விலாசம் என் பிள்ளைக்குத் தெரியாம இருக்க வேண்டாம். கவருக்குப் பின்னால முழுசா எழுதியிருக்கேன், வீட்டு நம்பரோட. லீவு கிடைச்சா ஒரு தடவை வந்துட்டுப் போ, உன் தங்கச்சி கேக்க மாட்டா, நான் கேக்கறேன். கீழே டீச்சர் உன்னையும் நிறுத்தி யார்னு கேப்பாங்க, கோவிச்சுக்காதே, நின்னு பதில் சொல்லு. அந்த ஆள் உனக்குப் போன் பண்ணுவான், கண்டிப்பாப் பண்ணுவான், அழுவான். அந்த அழுகை எப்படி நின்னுதுன்னு உனக்குத் தெரியணும்னுதான் இவ்வளவு எழுதினேன். அவனைத் திட்டாதே, சமாதானமும் சொல்லாதே, எடுக்காமலேயே இரு.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், எதையும் குனிஞ்சு தூக்க விடாதே. உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாம இருக்கணும், உங்க வீட்டுக் கதவு எப்பவும் நல்லவங்களுக்கே திறக்கணும்னு வேண்டிக்கறேன். ஒண்ணு மறந்துடாதே. இங்க கூப்பிடும்போது ஒரு தடவை அடிச்சு வெச்சிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடு. அப்படி அடிச்சாத்தான் நீன்னு எனக்குத் தெரியும், எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா